வேலூர் வட்டாரத்துக் கற்களில் மீன் தொட்டிக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிதாக மீன் தொட்டி வைப்பவர்கள் மீனுக்கும் ஃபில்டருக்கும் காட்டும் அக்கறையில் கால் பங்கைக்கூடத் தொட்டிக்குள் போடும் கல்லுக்குக் காட்டுவதில்லை. கல் தண்ணீரில் எதுவும் செய்யாமல் கிடக்கும் பொருள் என்று நாம் பழகிவிட்டோம். உண்மையில் சில கற்கள் மெல்லக் கரைந்து தண்ணீரின் தன்மையையே மாற்றுகின்றன. வேறு சில, தாம் கிடந்த மண்ணிலும் கழிவிலும் ஊறியதைத் தொட்டிக்குள் கொண்டுவந்து விடுகின்றன. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில், அதாவது பழைய வட ஆற்காட்டில், வசிப்பவர்களுக்கு இதில் ஒரு நல்வாய்ப்பும் ஓர் இடரும் சேர்ந்தே இருக்கின்றன. சுற்றியுள்ள மலைகளும் பாறைகளும் பெரும்பாலும் தண்ணீரில் கரையாத கருங்கல் இனத்தைச் சேர்ந்தவை என்பது நல்வாய்ப்பு. அந்த நல்ல கல்லே கிடந்த இடத்தால் கெட்டுப் போயிருக்கலாம் என்பது இடர். ஆகவே இங்கே ஒரு கல்லைக் கையில் எடுத்தவுடன், அது எங்கே கிடந்தது என்பதை முதலிலும், என்ன வகை என்பதை அடுத்தும் கேட்க வேண்டும்.

கல் கரைவதால் என்ன நேர்கிறது என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். சுண்ணாம்புக்கல், பளிங்கு, கிளிஞ்சல், பவளம் ஆகியவற்றில் இருப்பது கால்சியம் கார்பனேட். மீன்களின் மூச்சாலும் பாக்டீரியாக்களின் செயலாலும் தண்ணீரில் சேரும் கார்பன் டை ஆக்சைடு அதை மெல்ல அரித்து, கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைத்துவிடுகிறது. இதனால் தண்ணீரின் கடினத்தன்மை கூடுகிறது, அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவும் ஏறுகிறது. பி.எச். ஏறுவது புதிய தொட்டியில் இன்னொரு வகையிலும் ஆபத்தானது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் ஒரு பகுதி மட்டுமே கடும் நஞ்சான வடிவில் இருக்கும். 25 டிகிரி செல்சியஸில், பி.எச். 7 ஆக இருக்கும்போது அந்தப் பகுதி ஏறத்தாழ 0.6 சதவீதம்தான், பி.எச். 8 ஆகும்போதோ 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். வெப்பம் கூடக் கூட இந்தப் பங்கு இன்னும் கூடும் என்பதால், வேலூர்க் கோடையில் இதை அலட்சியம் செய்ய முடியாது. அம்மோனியாவைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் நல்ல பாக்டீரியா இன்னும் வளராத புதுத் தொட்டியில், 'தண்ணீரும் மாற்றினேன், தீனியும் குறைத்தேன், மீன் ஏன் சாகிறது?' என்று திகைப்பவர்கள் தொட்டிக்குள் கிடக்கும் கல்லையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் தண்ணீரும் மீனும்

கல் தேடிப் புறப்படுவதற்கு முன், தொட்டியில் எந்தத் தண்ணீர் ஊற்றப் போகிறீர்கள், எந்த மீன் வளர்க்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிடுங்கள். நம் பகுதியில் பல வீடுகளின் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர்தான். வாளியின் விளிம்பிலும் குழாயின் வாயிலும் படியும் வெள்ளைப் படிவமே அதற்குச் சாட்சி. அத்தகைய தண்ணீரில் ஏற்கெனவே கால்சியம் மிகுந்திருப்பதால், சுண்ணாம்புச் சத்துள்ள கல் அதில் மிகக் குறைவாகவே கரையும். காவிரிக் கூட்டுக் குடிநீர், மழைநீர், ஆர்.ஓ. தண்ணீர் ஆகியவற்றைப் பயன்படுத்துபவர்களுக்கு நிலைமை வேறு. தண்ணீர் எவ்வளவு மென்மையானதோ அவ்வளவு வேகமாகக் கல் கரையும். செடிகளுக்காகக் கார்பன் டை ஆக்சைடு செலுத்தும் தொட்டிகளில் அது இன்னும் வேகமாகக் கரையும்.

மீன்களும் ஒரே மாதிரியானவை அல்ல. குப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை கடினமான தண்ணீரில் நன்றாகவே வாழ்கின்றன. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் மீன்களுக்குக் கடினமான, பி.எச். 8-ஐ ஒட்டிய தண்ணீர்தான் இயல்பானது. அவற்றை வளர்ப்பவர்கள் சுண்ணாம்புக்கல்லை வேண்டுமென்றே வைப்பதும் உண்டு. நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்ற மென்னீர் மீன்களுக்கு அதே கல் பகை. எந்த மீன் என்று இன்னும் முடிவு செய்யாத புதியவர், தண்ணீரை எந்தப் பக்கமும் மாற்றாத கல்லையே தேர்ந்தெடுப்பது நல்லது. பிறகு மீனை மாற்ற நினைத்தாலும் கல்லை மாற்ற வேண்டிவராது.

எங்கிருந்து எடுப்பது

எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பாலாறுதான். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் படுகையில் உருண்டு தேய்ந்த அழகான கூழாங்கற்கள் கண்ணில் படும். ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று இந்த ஆற்றையும் அதன் ஓடைகளையும் ஒட்டிப் பல பத்தாண்டுகளாகத் தோல் தொழில் நடந்து வருகிறது. தோல் பதனிடக் குரோமியம் உப்புகள் பயன்படுகின்றன. அந்தக் கழிவு நிலத்திலும் ஆற்றிலும் கலந்ததைப் பற்றிய வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில், மாசுபடுத்துபவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுத் தீர்ப்பளித்தது. அத்தகைய இடத்தில் கிடந்த கல் கருங்கல்லாகவே இருந்தாலும், அதன் நுண்ணிய விரிசல்களில் என்ன ஊறியிருக்கிறது என்பதைக் கண்ணாலோ வினிகராலோ கண்டறிய முடியாது. வீட்டில் செய்யக்கூடிய சோதனை எதுவும் குரோமியத்தைக் காட்டாது. ஆகவே தோல் தொழிற்சாலைகள், சாயப்பட்டறைகள், சாக்கடை கலக்கும் இடங்கள், குப்பை கொட்டும் கரைகள் ஆகியவற்றுக்குக் கீழே உள்ள ஆற்றுப் பகுதிகளிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. கழுவினால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மாசு இல்லாத இடமாயிற்றே என்று ஜவ்வாது மலைக்கோ அமிர்திக்கோ போகிறவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். அங்குள்ள காப்புக்காடுகளிலிருந்து கல்லையோ மண்ணையோ எடுப்பதை 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் தடை செய்கிறது. ஆற்று மணலும் கூழாங்கல்லும் சிறுகனிமங்கள் என்பதால், அவற்றை அனுமதியின்றி அள்ளுவதும் குற்றமே. ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் புதிய கற்கால மக்கள் தீட்டி வழவழப்பாக்கிய கைக்கோடாரிகள் இன்றும் கிடைக்கின்றன. மலைக் கிராமங்களில் அவற்றை மரத்தடியில் குவித்து வைத்துச் சாமியாக வணங்குகிறார்கள். ஒரு முனை குறுகி, மறுமுனை அகன்று கூராகி, கைக்கு அடக்கமாக இருக்கும் கறுப்புக் கல்லைப் பார்த்தால், அது மீன் தொட்டிக்கு உரியதல்ல என்று அங்கேயே விட்டுவிடுங்கள். நடுகல் துண்டுகள், கோட்டை அகழியோரம் உதிர்ந்த கற்கள், வயல் எல்லையில் நட்ட சர்வே கற்கள் ஆகியவையும் அப்படியே.

அப்படியானால் எங்கேதான் எடுப்பது? எனக்கு மிகவும் நம்பிக்கையான இடம், சாலையோரத்தில் அம்மியும் உரலும் கொத்தி விற்பவர்களின் பட்டறை. அவர்கள் உளியால் செதுக்கித் தள்ளும் கருங்கல் சில்லுகள், மலையிலிருந்து பிளந்து வந்து வேறெதுவும் படாத புதுக் கல். கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியுடன் கொடுப்பார்கள். சிறு தொகை கொடுத்து வாங்குவது முறை. விளிம்புகள் கூராக இருக்கும் என்பது ஒன்றே குறை, அதை ஒரு சாணைக்கல்லில் தேய்த்துச் சரிசெய்யலாம். அடுத்ததாக, சொந்த நிலத்திலோ உறவினரின் மானாவாரி நிலத்திலோ கிடக்கும் கற்கள். பூச்சிமருந்து அடித்துப் பயிர் செய்யும் கழனியின் வரப்பிலிருந்து எடுக்காமல், மேட்டுப் புறம்போலத் தரிசாகக் கிடக்கும் பகுதியிலிருந்து எடுங்கள். வீடு கட்டிய மிச்சமான ஜல்லியும் நல்ல கல்தான். ஆனால் கிரஷர் தூசியும் வெடிமருந்தின் நைட்ரேட் எச்சமும் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால் பலமுறை அலச வேண்டும். இடித்த கட்டடத்தின் கற்களை மட்டும் தொடாதீர்கள். அவற்றில் ஒட்டியிருக்கும் சிமென்ட்டும் பழைய சுண்ணாம்புக் காரையும் ஒரே இரவில் பி.எச். அளவை ஏற்றிவிடும். வெள்ளையடித்த கல், தார் பட்ட சாலையோரக் கல், எண்ணெயும் குங்குமமும் ஊறிய கோயில் கல் ஆகியவையும் வேண்டாம்.

கிரானைட் பாலிஷ் போடும் இடங்களில் கிடைக்கும் வெட்டுத் துண்டுகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கல் நல்லது, ஆனால் விரிசலை மறைக்க ரெசின் பூசப்பட்ட பலகைகளின் துண்டுகளாக அவை இருக்கலாம். பளபளப்பான முகம் உள்ளதைத் தவிர்த்து, மூலப் பாறையிலிருந்து உடைந்த சொரசொரப்பான துண்டு கிடைத்தால் மட்டும் எடுக்கலாம்.

கல்லின் வகையை அடையாளம் காணுதல்

நம் மலைகளில் மிகுதியாக இருப்பவை நைஸ், சார்னோகைட், கிரானைட் ஆகிய பாறைகள். வழக்கில் இவை அனைத்துமே கருங்கல்தான். வெள்ளையும் கறுப்பும் வரிவரியாக ஓடினால் அது பெரும்பாலும் நைஸ். எண்ணெய் தடவியதுபோல் கரும்பச்சை மினுமினுப்புடன் இருந்தால் சார்னோகைட். வெளிர் சாம்பலிலோ இளஞ்சிவப்பிலோ மணிமணியாக இருந்தால் கிரானைட். ஏலகிரிப் பக்கம் சயெனைட் (syenite) என்ற பாறையும் உண்டு. இவை எல்லாமே பொதுவாகத் தண்ணீரில் கரையாதவை, மீனுக்குத் தீங்கு செய்யாதவை. கறுப்பாக, நெருக்கமான மணிகளுடன், கனமாக இருக்கும் டோலரைட்டும் அப்படியே.

வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) தொட்டிக்கு மிகச் சிறந்த கற்களில் ஒன்று. வெள்ளையாகவோ பால் கலந்த இளஞ்சிவப்பாகவோ மானாவாரி நிலங்களில் சிதறிக் கிடக்கும். இதைப் பளிங்கோடு குழப்பிக்கொள்பவர்கள் பலர். இரண்டும் வெள்ளை, இரண்டும் மினுங்கும். வேறுபாடு காண ஓர் இரும்பு ஆணியும் பழைய கண்ணாடித் துண்டும் போதும். ஆணியால் கீறினால் பளிங்கில் கோடு விழும்; வெங்கச்சங்கல்லில் கோடு விழாது, மாறாக ஆணியின் இரும்பு கல்லின் மேல் சாம்பல் தடமாகத் தேய்ந்து நிற்கும். வெங்கச்சங்கல்லின் முனையால் கண்ணாடியைக் கீறினால் கண்ணாடியில் கோடு விழும். பளிங்கால் அது முடியாது. ஒரு நிமிட வேலை, ஆனால் பெரும்பாலும் ஐயம் தீர்ந்துவிடும்.

இனி, ஏமாற்றும் கற்கள். இவற்றில் முதலிடம் கடப்பைக் கல்லுக்கு. பரணிலும் அலமாரித் தட்டிலும் பதித்தது போக மீந்த கடப்பைத் துண்டு இல்லாத மொட்டை மாடி நம் ஊரில் அரிது. கறுப்பாக, தட்டையாக, அடுக்குவதற்கு வாகாக இருப்பதால் இதைக் கறுப்பு கிரானைட் என்று நினைத்துக் குகை கட்டிவிடுகிறார்கள். இது சுண்ணாம்புக்கல் இனம். உடைந்த விளிம்பில் நாலு சொட்டு ஆசிட் (எந்த ஆசிட், எப்படி என்பது பின்னால் வரும் அமிலச் சோதனையில்) விட்டுப் பாருங்கள்: சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் நுண்ணிய குமிழ்கள் வரிசையாக எழும், காதருகே பிடித்தால் மெல்லிய சீறல்கூடக் கேட்கும். துடைத்துப் பார்த்தால் சொட்டு விழுந்த இடம் மட்டும் பளபளப்பு இழந்து சொரசொரப்பான சாம்பல் நிறமாக நிற்கும்.

அடுத்தது சுக்கான் கல். கிணறு வெட்டும்போதும் ஓடைக் கரைகளிலும் வெளிப்படும் இந்த முண்டு முண்டான, அழுக்கு வெள்ளை நிறக் கல், மண்ணுக்குள் சுண்ணாம்பு இறுகி உண்டானது. துளைகளும் வளைவுகளுமாகப் பார்ப்பதற்கு அழகாக இருக்கும். தண்ணீரில் போட்டால் கரையும். தோட்டக் கடைகளில் தொட்டிச் செடிகளுக்கு விற்கும் வெள்ளை 'மார்பிள் சிப்ஸ்' கற்களும் பெரும்பாலும் பளிங்குச் சில்லுகளே. நர்சரியில் மலிவாகக் கிடைக்கிறது என்று தொட்டியின் அடியில் பரப்பிவிடாதீர்கள். சாயம் ஏற்றிய நீல, பச்சைக் கற்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, வேண்டாம்.

கருங்கல் நாடு என்று நம்பி, எல்லாக் கல்லையும் சோதிக்காமல் போடக் கூடாது என்பதற்குத் திருப்பத்தூரை அடுத்த செவ்வாத்தூரே சான்று. எரிமலைக் குழம்பு போல நிலத்தடியிலிருந்து எழுந்த பாறைகளில், கார்பனேட்டே பெரும்பகுதியாக உள்ள கார்பனடைட் என்ற அரிய வகை அங்கே இருக்கிறது. புவியியல் மாணவர்கள் அதைப் பார்ப்பதற்கென்றே வருகிறார்கள். பார்வைக்குச் சாதாரண மலைக்கல்லாகத் தோன்றும் அது, சுண்ணாம்புக்கல்லைப் போலவே தொட்டியில் நடந்துகொள்ளும்.

உலோகத் தாதுக்களைப் பற்றியும் ஒரு சொல். கல்லில் பொன்னிறமாக எதாவது மின்னினால் நகத்தால் நெருடிப் பாருங்கள். மெல்லிய ஏடாக உரிந்து வந்தால் அது காக்காய்ப்பொன் எனப்படும் அபிரகம், பயமில்லை. உரியாமல், பித்தளைத் துகள்போலக் கட்டியாகக் கோணங்களுடன் இருந்தால் அது பைரைட் ஆக இருக்கலாம். இரும்பும் கந்தகமும் சேர்ந்த அது தண்ணீரும் காற்றும் பட்டு மெல்ல அமிலமாகும். பச்சை அல்லது நீலத் திட்டுகள் செம்புத் தாதுவின் அடையாளமாக இருக்கலாம். பாசியின் பச்சை தேய்த்தால் போகும், தாதுவின் பச்சை போகாது. செம்பு மீனைவிட இறாலுக்கும் நத்தைக்கும் பெருங்கேடு. ஐயம் தரும் கல்லைத் தூர வைத்துவிட்டு இன்னொன்றைத் தேடுங்கள். நம் ஊரில் கல்லுக்குப் பஞ்சமில்லை.

கடையில் வாங்கும் கற்களில் லாவா கல்லும் டிராகன் கல்லும் தண்ணீரை மாற்றாதவை; டிராகன் கல்லின் துளைகளில் அடைந்திருக்கும் களிமண்ணைக் குச்சியால் நோண்டிக் கழுவ வேண்டும். சாம்பல் நிறத்தில் வெள்ளை நரம்போடும் செய்ரியூ கல் கடினத்தன்மையைக் கூட்டும். விலை அதிகம் என்பதால் அது எல்லா மீனுக்கும் ஏற்றது என்று பொருளாகாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

முதல் சோதனை ஓசை. கல்லை இன்னொரு கருங்கல்லால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் உள்ளே விரிசல் இல்லை. மொத்தென்று கேட்டால் உள்ளே பிளவு இருக்கிறது அல்லது கல் மக்கத் தொடங்கிவிட்டது. கல்தச்சர்கள் கல் தேர்வதும் இப்படித்தான். விரலால் நெருடினால் மணல் மணலாக உதிரும் கல்லை வைத்தால் தண்ணீர் கலங்கிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது அமிலச் சோதனை. கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒரு மூலையைத் தட்டி உடைத்துப் புது முகத்தை வெளிப்படுத்துங்கள். இது முக்கியம்: போர் தண்ணீர் பட்ட கல்லின் மேல் படிந்திருக்கும் உப்புப் படிவமே பொங்கி, நல்ல கல்லையும் கெட்ட கல்லாகக் காட்டிவிடும். காய்ந்த கல்லில் சொட்டு விட்டால், துளைகளிலிருந்து வெளியேறும் காற்றும் குமிழாகத் தெரியும். ஆகவே முதலில் கல்லை நனைத்துவிட்டுச் சோதியுங்கள். சமையலறை வினிகர் வலுக்குறைந்த அமிலம் என்பதால் அது பொங்காததை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. குளியலறை கழுவ விற்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் சில சொட்டுகள் விட்டால் பதில் தெளிவாகக் கிடைக்கும். கையுறை அணிந்து, திறந்த வெளியில், குழந்தைகள் அருகில் இல்லாதபோது செய்யுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது கந்தகத் தாது உள்ள கல். உடனே தள்ளிப் போய்விடுங்கள். டோலமைட் வகைக் கற்கள் கட்டியாக இருக்கும்போது பொங்காமல் பொடியாக இருக்கும்போது மட்டும் பொங்கும் என்பதால், ஐயம் இருந்தால் சிறிது பொடித்துச் சோதிக்க வேண்டும். ஆசிட் பட்ட சிறு துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, மீதிக் கல்லையே தொட்டிக்குப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது ஊறல் சோதனை. பொறுமை வேண்டும், ஆனால் இதற்கு ஈடான சோதனை வேறில்லை. ஒரே அளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் வாளிகளில் ஆர்.ஓ. கேன் தண்ணீரைச் சம அளவில் ஊற்றி, ஒன்றில் மட்டும் கற்களைப் போட்டு, இரண்டையும் மூடி நிழலில் வையுங்கள். தொடக்கத்திலும், மூன்றாம் நாளிலும், ஒரு வாரத்திலும், இரண்டு வாரத்திலும், தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் இரண்டு வாளிகளையும் அளந்து எழுதி வையுங்கள். முதல் சில நாள்களில் கற்கள் உள்ள வாளியில் அளவு சற்று உயர்ந்து அப்படியே நின்றுவிட்டால் அது தூசியும் மேல்மண்ணும் கரைந்தது. இரண்டாவது வாரத்திலும் ஏறிக்கொண்டே போனால் கல் கரைகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் பி.எச். அளவு நிலையாக நிற்காது என்பதால் அதை மட்டும் நம்பாமல், டி.டி.எஸ். அளவையும், கிடைத்தால் ஜி.எச். (மொத்தக் கடினத்தன்மை), கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை) சோதனைத் துளிகளையும் கொண்டு முடிவு செய்யுங்கள். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, நிறம் மாறினாலோ, மூடியைத் திறந்ததும் வேண்டாத வாடை வீசினாலோ, அளவுகள் எப்படி இருந்தாலும் அந்தக் கற்கள் வேண்டாம்.

சுத்தம் செய்தல்

சோப்பும் டிடர்ஜென்ட்டும் கல்லின் பக்கமே வரக் கூடாது. ஓடும் தண்ணீரில் தேங்காய் நாராலோ பிரஷ்ஷாலோ தேய்த்தால் போதும். பாசியும் அழுக்கும் மிகுதியாக இருந்தால், திரவ பிளீச் ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணீர் கலந்து கால் மணி நேரம் ஊறவைத்து, பலமுறை அலசி, பிறகு மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கி கலந்த தண்ணீரில் ஒரு நாள் போட்டு எடுத்து, வெயிலில் காயவிடலாம். கடற்பஞ்சு போலத் துளையுள்ள கற்களுக்குப் பிளீச் வேண்டாம், உள்ளே தங்கிவிடும். பிளீச்சிங் பவுடரைப் பயன்படுத்தினால் அதிலுள்ள சுண்ணாம்பு கல்லில் வெள்ளையாகப் படியும் என்பதால், அமிலச் சோதனையை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஆசிட்டும் பிளீச்சும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகச் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலை எரித்துவிடும்.

கல்லை வேகவைத்துக் கிருமி நீக்கலாம் என்ற அறிவுரையைப் பின்பற்றாதீர்கள். விரிசலுக்குள் சிக்கிய தண்ணீர் ஆவியாகி விரிந்து, கல் வெடித்துச் சிதறக்கூடும். ஓவனிலும் மைக்ரோவேவிலும் வைப்பது இன்னும் ஆபத்து. கொதித்த தண்ணீரைச் சற்று ஆறவிட்டு மேலே ஊற்றினால் போதும். மற்றதை நம் கத்திரி வெயில் பார்த்துக்கொள்ளும்.

தொட்டிக்குள் அடுக்குதல்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் விளிம்பு வரை ஏறத்தாழ 56 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கருங்கல்லின் அடர்த்தி தண்ணீரைப் போல 2.7 மடங்கு என்பதால், 10 கிலோ கல் 3.7 லிட்டர் தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மீனுக்குக் கிடைக்கும் தண்ணீர் அந்த அளவு குறையும். இந்த அளவுத் தொட்டிக்கு 8 முதல் 10 கிலோ வரை போதுமானது. ஸ்டாண்டு கல்லின் எடையையும் சேர்த்துத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் விரித்திருக்க வேண்டும்.

பெரிய கற்களை மணலின் மேல் வைப்பது பலரும் செய்யும் தவறு. மீன் மணலைத் தோண்டத் தோண்டக் கல் சாய்ந்து கண்ணாடியில் மோதும். காலித் தொட்டியின் அடிக்கண்ணாடியில் மெல்லிய பிளாஸ்டிக் வலையைப் பரப்பி, அதன் மேல் கல்லின் அகன்ற முகம் படியும்படி வைத்து, கையால் அசைத்துப் பார்த்து, ஆடவில்லை என்று உறுதியான பிறகே மணலைக் கொட்ட வேண்டும். கூரிய முனை ஒரே புள்ளியில் கண்ணாடியை அழுத்தக் கூடாது. கல் மேல் கல் அடுக்கிக் குகை செய்வதானால் மீன் தொட்டிக்குரிய சிலிகானால் ஒட்டிவிடுங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறைச் சிலிகானைப் பயன்படுத்தக் கூடாது.

கல்லுக்கும் கண்ணாடிக்கும் இடையே கையும் துடைப்பானும் நுழையும் அளவு இடைவெளி இருந்தால்தான் பாசியைத் துடைக்க முடியும், மீனும் சிக்காது. ஃபைட்டர், வால் நீண்ட கோல்டு ஃபிஷ் ஆகியவற்றுக்குச் செதுக்கிய கருங்கல்லின் விளிம்பு செதிலையும் வாலையும் கிழித்துவிடும். பழைய நைலான் துணி ஒன்றைக் கல்லின் மேல் இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டும் இடத்தில் வாலும் மாட்டும், அங்கே தேய்த்துவிட வேண்டும். அடியில் மேயும் கோரி, லோச் மீன்களுக்கு மீசை தேயாத உருண்டைக் கற்களே ஏற்றவை.

ஃபில்டரின் நீரோட்டம் கல் குவியலுக்குப் பின்னால் சென்று திரும்ப வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் தீனியும் கழிவும் அங்கே தேங்கி அழுகும். கோடையில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. அழுகும் கழிவு அதையும் உறிஞ்சிவிடும்.

கல் வைத்த பிறகு

கற்களைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, மீன் விடுவதற்கு முன் ஃபில்டரை ஓடவிட்டு நைட்ரஜன் சுழற்சியை (அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியா வளர்வதை) முடிக்கும் அந்தச் சில வாரங்களே கல்லைக் கவனிக்கவும் ஏற்ற காலம். வாரம் ஒருமுறை பி.எச்., டி.டி.எஸ். அளவுகளைத் தொட்டியிலும், நீங்கள் ஊற்றும் குழாய்த் தண்ணீரிலும் அளந்து ஒப்பிடுங்கள். போர் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு மட்டும் தங்குவதால் தொட்டியின் டி.டி.எஸ். மெல்ல ஏறுவது இயல்பு. வெயில் காலத்தில் அது கூடுதலாகவே ஏறும். அதைக் கல்லின் குற்றமாக எண்ண வேண்டாம். தண்ணீர் மாற்றிய இரண்டு மூன்று நாள்களுக்குள் கே.எச். அளவும் பி.எச். அளவும் சேர்ந்தே ஏறினால்தான் கல்லைச் சந்தேகிக்க வேண்டும்.

அப்படி ஏறினால் எல்லாக் கற்களையும் ஒரேயடியாக வெளியே எடுக்காதீர்கள். கல்லின் மேல் வளர்ந்துள்ள நல்ல பாக்டீரியாவும் அதோடு போய்விடும், பி.எச். திடீரென இறங்கினாலும் மீன் தாங்காது. ஒவ்வொரு கல்லாக, சில நாள் இடைவெளியில் எடுத்து, ஒவ்வொன்றையும் உடைத்த முகத்தில் மறுபடி ஆசிட் விட்டுச் சோதியுங்கள். குற்றவாளி பெரும்பாலும் ஒரே கல்லாகத்தான் இருக்கும். அதைத் தூர எறியத் தேவையில்லை. மோலியோ மலாவி சிக்லிட்டோ வளர்க்கும் நண்பர் யாராவது இருந்தால் கொடுத்துவிடலாம், அவர்கள் தொட்டியில் அந்தக் கல்லுக்கு வேலை இருக்கிறது.